ஜெரால்டு தோற்ற ஞாயிற்றுக்கிழமை

1. கீறல் விழுந்த சி.டி.

ஸ்டெல்லா கடைக்குள் வந்தபோது நான் ஒரு மதர்போர்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். திரேஸ்புரத்துப் பெண். பையிலிருந்து ஒரு பழைய கேம் சி.டி.யை எடுத்து நீட்டினாள்.

“அண்ணாச்சி, இத ஓட வச்சுத் தர முடியுமா? அவிய அலமாரில கெடந்துச்சு. இதுக்காவது அறைய விட்டு வெளிய வருவாவளான்னு பாக்கேன்.”

‘அவிய’ என்றது அவள் கணவன் ஜெரால்டை. விசைப்படகில் இன்ஜின் டிரைவர். மடிவலை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றி, வலது கையில் நடு விரல்கள் மூன்றும் போய்விட்டன. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். புண் ஆறியும் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கரையில் இருந்தபடியே இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி படகு ஓனர் இவன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருக்கிறார். இவன் முகம் கொடுக்கவில்லை.

அந்த சி.டி. எனக்குத் தெரிந்ததுதான். என் சர்வீஸ் கடை ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்தது. பாலிடெக்னிக் விட்டதும் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்: ஜெரால்டு, முத்தையாபுரத்து முருகேசன், காயல்பட்டினத்து காசிம். மூன்று சிஸ்டத்தையும் சேர்த்து ஆட ஹப் வைத்து கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தேன். இருட்டான சந்துகளில் ஒருவனை ஒருவன் தேடிச் சுடும் ஆட்டம். யாரும் ஹெட்போன் போட மாட்டார்கள். பக்கத்து சிஸ்டத்தில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான் என்று ஜெரால்டு சொல்லிவிடுவான். அவனை மற்ற இருவரும் ஜெயித்து நான் பார்த்ததே அபூர்வம்.

2. முகம் தெரியாதவன் அனுப்பிய ஃபைல்

சி.டி. இன்றைய விண்டோஸில் ஓடவில்லை. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தை விட மனசில்லாதவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் வேலை நேரம் போக உட்கார்ந்து, புது மெஷினில் ஓடும்படி ஆட்டத்தின் புரோகிராமை மறுபடி எழுதியிருந்தார்கள். சுவர்கள் அதே கரடுமுரடுதான், சத்தமும் அதேதான். இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஆடவும் வழி செய்திருந்தார்கள்.

அவர்களுடைய ஃபோரத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஜெரால்டின் கையைப் பற்றி எழுதிக் கேட்டேன். மறுநாளே ஒருவன் பதில் போட்டான். அவனும் ஒரே கையால் ஆடுகிறவனாம். எந்தப் பட்டன் எதற்கு என்று குறித்த தன்னுடைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே அனுப்பி, மவுஸை இடது கைக்கு மாற்றி, நடப்பதையும் அதிலேயே வைத்து, சுடுகிற பட்டனைக் காலுக்குக் கொண்டுபோகச் சொன்னான். அவன் எந்த நாட்டுக்காரன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த போர்டை எடுத்தேன். அதிலிருந்து வயர் இழுத்துக் காலிங் பெல் சுவிட்சில் சேர்த்து, மரப்பலகையில் பொருத்தினேன். காலால் அமுக்கினால் துப்பாக்கி சுடும்.

3. திரேஸ்புரத்தில்

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து மத்தியானம், சிஸ்டத்தோடு ஜெரால்டு வீட்டுக்குப் போனேன். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் முருகேசன் நான் சொல்லி லேப்டாப்போடு வந்திருந்தான். காசிம் துபாயில் தன் சிஸ்டத்தில் ஆட உட்கார்ந்திருந்தான், பேச்சு போன் ஸ்பீக்கரில். ஜெரால்டு கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, “யாரு ஒங்கள வரச் சொன்னா?” என்றான்.

“சர்வீஸ் பண்ணுனா டெஸ்ட் பண்ணணும்லா. ஒக்காரு” என்றேன்.

துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் அவன் ஜெயித்தான். அடுத்ததும் அவன்தான். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் முருகேசனின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். திரையில் ஜெரால்டு நேர் எதிரே நிற்கிறான், முருகேசன் மவுஸிலிருந்து கையை எடுத்து வைத்திருக்கிறான். பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அது நல்ல காரியமாகத்தான் தோன்றியது.

மூன்றாவது ஆட்டத்தில் ஜெரால்டு தன் ஆளை நடுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். நகர்த்தவே இல்லை. யாரும் சுடவில்லை.

“சுடுல” என்றான்.

முருகேசன் என்னைப் பார்த்தான்.

“ஏலே முருகேசா, சுடுலங்கேன். எனக்கு வெரலுதான் போச்சு, கண்ணு போகல. காதும் கேக்கு. எம் பொறத்தால வந்து நின்னுட்டு நீ திரும்பிப் போறது எனக்குத் தெரியாதா?”

“மச்சான், நாங்க சும்மா ஒரு...” என்று போனில் காசிம் இழுத்தான்.

“எனக்கு எரக்கம் காட்டதுக்கா துபாய்ல இருந்து லைன் போட்டிருக்க? தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆடுத மாதிரி ஆடுங்கல. இல்லன்னா ஒயரப் புடுங்கிட்டு எந்திரிச்சுப் போங்க!”

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் கெட்டது, சிஸ்டத்தைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு காசிம் மெதுவாகச் சொன்னான்: “சரி மச்சான். அப்ப பின்னால பாத்துக்கோ.”

ஒரே வெடி. ஜெரால்டின் ஆள் சுருண்டு விழுந்தான்.

அதன்பிறகு அடி என்றால் அப்படி ஒரு அடி. எழுந்து வர வர விழுந்தான். வலது கை துண்டை விட்டு எப்போது வெளியே வந்தது என்று நான் கவனிக்கவில்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் கீபோர்டில் தடுமாறிக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி, என்ன சுவிட்சு போட்டிருக்கீரு? அமுக்குனா ஒட்டிக்கிடுது. கழட்டிச் சரி பண்ணும்” என்று என்மேல் பாய்ந்தான். சந்தோஷமாகக் கழற்றினேன். கடைசி ஆட்டத்தில் முருகேசனை ஒரே ஒரு தடவை மடக்கினான். முருகேசன் கத்திய வார்த்தைக்கு ஸ்டெல்லா, “புள்ளைய இருக்குத வீட்டுல பேசுத பேச்சா இது?” என்று அதட்டினாள். ஜெரால்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

4. கடைக்கு வருகிறவர்களுக்கு

சில வாரம் கழித்து அவன் ஓனரைப் போய்ப் பார்த்தான். இப்போது கரைக்கு வரும் படகுகளின் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறான். கடலுக்கு இன்னும் போகவில்லை. சில நாள் பழையபடி அறைக்குள் போய்ப் படுத்துவிடுகிறான் என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.

சர்வீஸ் தொழிலில் கஸ்டமர் முகம் வாடக்கூடாது என்று “சரியாயிடும்” சொல்லி அனுப்புவது வழக்கம். நானும் பல வருஷம் சொன்னவன்தான். அன்றிலிருந்து விட்டுவிட்டேன். போனது எது, இருப்பது எது, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முதலில் கோபப்படுவார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்கிறது. போன வாரமும் மூன்று பேரில் ஜெரால்டு மூன்றாவது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து காசிமிடம் கத்திக்கொண்டிருந்தான்: “அடுத்த வாரம் வாலே, ஒன்ன வச்சுக்கிடுதேன்!”