ஒன்பதாவதை எங்கே வைப்பது?

கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான கெர்னலில் ஒரு பிழை மூன்று நாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் போய் எழுதி, முழு மெஷினையும் படுக்க வைக்கும். இன்று பத்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் நான் எழுதியது மொத்தமும் குப்பைக்கு.

கம்பளை–கண்டி பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து முனகிக்கொண்டிருந்தேன். கெலிஓயாவில் ஏறிய ஒரு அக்கா, கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரைத் தம்பி திட்டுறீங்க?"

"இதைத்தான் அக்கா. எட்டு இடம் ஒதுக்கியிருக்கேன். பூச்சியத்துல தொடங்கி எட்டு வரைக்கும் எண்ணி நிரப்புது. ஆனா எங்கயோ வெளிய போய் எழுதுது."

அக்கா விரல் மடக்கி எண்ணினார்.

"பூச்சியத்தையும் சேர்த்தா ஒன்பது வருதே. ஒன்பதாவதை எங்க வைப்பீங்க?"

எட்டை ஏழாக்கினேன். பேராதனை வருமுன் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"சரியாப் போச்சா? அப்ப முழங்கையை எடுங்க, கேக் நசுங்குது."

திருத்தத்தை அனுப்பிவிட்டேன். அதில் 'சரிபார்த்தவர்' பெயர் போடும் இடம் மட்டும் காலி. பெயர் கேட்பதற்குள் அக்கா இறங்கிவிட்டார்.

கெலிஓயாவில் கேக் பெட்டியோடு பஸ் ஏறும் அக்காவை யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள். நான் நாலு வருஷம் இதைத்தான் படித்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.