ஓநாய்ப் பள்ளத்துச் சாலைக்காரர்

ஜெர்மன் எல்லைக் கல்லிலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஏழு கிலோமீட்டர் சாலை ரமாக்கிளின் பொறுப்பு. பெல்ஜிய அரசு அவருக்குக் கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு மண்வெட்டி, ஒரு தள்ளுவண்டி, அவ்வளவுதான். கர்வம் மட்டும் அவர் சொந்தச் சம்பாத்தியம். சாலையில் சாணி கிடந்தால் போட்ட மாட்டைத் தேடிப்போய்ச் சண்டை போடுவார்.

குளிர்காலம் முடிந்து பனி உருகும் பத்து நாளும் அவர் வைத்ததுதான் சட்டம். ஈர மண்ணில் பாரவண்டி ஏறினால் சாலை கெட்டுவிடும் என்று அந்த நாட்களில் எல்லாச் சாலையிலும் தடைக்கட்டை போடுவார்கள். மற்ற ஊர்களில் ஆள் பார்த்துக் கட்டையைத் தூக்குவதுண்டு. ரமாக்கிள் ஒருமுறை பிஷப்பின் கோச்சு வண்டியையே நிறுத்தினார்.

"ஆண்டவர் தண்ணி மேலயே நடந்தாரு. சாமி இந்த மண்ணு மேல கொஞ்சம் நடந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

பிஷப் இறங்கி நடந்தார். ஊர் ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அப்பேர்ப்பட்ட சாலைக்கு ஒரு குறை இருந்தது. ஓநாய்ப் பள்ளம் என்ற இடத்தில் சாலை உயரமான மண்கரை மேல் போகும். மேட்டிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் அதற்கடியில் ஒரு கல்மதகு வழியாக மறுபக்கம் இறங்கும். மதகு லேசாக அடைத்தாலும் கரை உள்ளுக்குள் ஊறிப் புட்டு மாதிரி ஆகிவிடும். மேலே கல் பாவியிருப்பதால் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இறைச்சிக் கடை தூசேனின் வண்டி ஒரு முறை அங்கே அமிழ்ந்து அச்சு முறிந்தபோதுகூட, "உன் அச்சு மட்ட இரும்புய்யா" என்று ரமாக்கிள் அடித்துப் பேசி அவரை அனுப்பிவிட்டார். ஆனால் அன்று முதல் தினமும் மதகைத் துப்புரவு செய்வார். யாரிடமும் சொன்னதில்லை. மனைவி லாம்பெர்த்தீனுக்கு மட்டும் தெரியும்.

1912 கோடையில் சைக்கிளில் ஒரு ஜெர்மன் கனவான் வந்தார். லாம்பெர்த்தீன் வீட்டு முன்னறையில் பீர் விற்பாள். அங்கே உட்கார்ந்து, பீரும் நாற்றமடிக்கிற எர்வ் ஊர்ப் பாலாடைக்கட்டியுமாக, சாலையை வாயாரப் புகழ்ந்தார். அகலம் என்ன, சரிவு எவ்வளவு, எத்தனை டன் தாங்கும் என்று விசாரித்தார். ரமாக்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷத்தில் ஒருவன்கூட அவரிடம் சாலையைப் பற்றி இவ்வளவு கேட்டதில்லை. அளவுகோலைக் கொண்டுவந்து அளந்தே காட்டினார்.

"பலவீனமான இடம் ஏதாவது?" என்றார் கனவான், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே.

"என் சாலையிலயா? பனி உருகுற பத்து நாள் விடுங்க. மத்த எல்லாப் பருவத்துலயும் தேவாலயத்தையே வண்டியில ஏத்தி இழுத்துட்டுப் போகலாம்."

அவர் போன பிறகு லாம்பெர்த்தீன் மேசையைத் துடைத்தபடி, "ஓநாய்ப் பள்ளத்தைச் சொல்லலையே?" என்றாள்.

"பெத்த பொண்ணுக்கு மாறுகண்ணுன்னு வந்தவன் போறவன்கிட்ட எவனாவது சொல்லுவானா?"

இரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்டில், பிரான்சின் மேல் படையெடுக்க எங்கள் நாட்டுக்குள் வழி கேட்டு ஜெர்மனி ஓலை அனுப்பியது. திங்கட்கிழமை காலையே முன்னறை நிரம்பிவிட்டது. தூசேன் மேசையைக் குத்தினார்.

"நமக்கும் அவனுக்கும் என்னய்யா சண்டை? நாம யார் பக்கமும் இல்லன்னு பத்திரமே இருக்கு. அதுல அவனும்தான் கையெழுத்துப் போட்டிருக்கான்!"

"உங்க மேல கோபம்னு எவன் சொன்னான்?" என்றாள் லாம்பெர்த்தீன். "பிரான்ஸ்காரன் ஜெர்மனி பக்கத்து எல்லை நெடுக கோட்டையா கட்டி வெச்சிருக்கான். வாசல்ல ஆறு பூட்டு. நம்ம பக்கத்துல அவன் வெச்சிருக்கறது வெறும் வேலி. பிரான்சை அடிக்கப் போறவன் பூட்டை உடைச்சிட்டு நிப்பானா, வேலி தாண்டிப் போவானா? அதுலயும் எங்க வீட்டு மகராசன் வழியைக் கூட்டித் தெளிச்சு வேற வெச்சிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ரமாக்கிள் சிரிக்கவில்லை. சைக்கிள் கனவானின் குறிப்பேடு ஞாபகம் வந்தது. நம் ராஜா வழிவிட மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் எழுந்தார்.

நம் சிப்பாய்கள் ஓரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். ரமாக்கிள் உதட்டைப் பிதுக்கினார். "இதை அரைமணியில இழுத்துப் போட்டுருவான்." மாலைப் பால் கறக்கும் நேரத்தில், ஊர் தொழுவத்தில் இருக்கும்போது, அவரும் மனைவியும் களிமண் மூட்டைகளோடு ஓநாய்ப் பள்ளத்துக்குப் போனார்கள். மதகின் வாயைத் தன் கையாலேயே அடைத்தார். அடைக்கும்போது அழுதார். லாம்பெர்த்தீன் அதைக் கேலி செய்யவில்லை.

மறுநாள் குதிரைப்படை வந்தது. பிறகு நாள்கணக்கில் காலாட்படை. சாலை தாங்கியது. ஊற்று தன் பாட்டுக்கு மேட்டுப் புதருக்குள் தேங்கிக் கரைக்குள் கசிந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் பெரிய பீரங்கிகள் வந்தன. முதலாவது ஓநாய்ப் பள்ளத்தில் ஏறியதும் கல் பாவிய தரை சத்தமில்லாமல் உள்ளே போனது. பீரங்கி அச்சு வரை அமிழ்ந்தது. பின்னால் வந்த ஐந்தும் நின்றன.

சதி என்று ஊர் ஆண்கள் இருபத்திரண்டு பேரைத் தேவாலயச் சுவரோரம் கை தூக்க வைத்தார்கள். துப்பாக்கிகள் எதிரே நின்றன. ரமாக்கிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையிலிருந்து முன்னால் வந்தார். தான் ஒருவன் மட்டுமே மடியவேண்டியவன் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் மதகை அடைத்தேன் என்று சொன்னால் தன்னோடு விடமாட்டார்கள், ஊரையே கொளுத்துவார்கள் என்பதும் தெரிந்தது.

அதிகாரி ஓர் அச்சிட்ட கையேட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பார். எல்லாப் பருவத்திலும் கனத்த பாரம் தாங்கும், சாலைக்காரனே சொன்னது என்று போட்டிருக்கிறது. நீதானே சாலைக்காரன்?"

"நான்தாங்க ஐயா. அது பொய்ங்க."

"என்ன?"

"அந்த இடம் எப்பவுமே சொத்தைங்க. கீழ ஊத்து ஓடுது. இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும். வெளிய சொன்னா கேவலம்னு மறைச்சேன். வந்த துரைகிட்டயும் பெருமைக்குப் பொய் சொன்னேன். நான் போட்டது மோசமான சாலைங்க."

ஊர் முழுக்கக் கேட்டது. அதைச் சொல்வதற்குள் அவர் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. செத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அதிகாரி நம்பாமல் அவரையே பார்த்தார்.

அப்போது வரிசையிலிருந்து தூசேன், தூக்கிய கையோடு, நெஞ்சு வெடிக்கக் கத்தினார். "அடப்பாவி! அங்கதானேடா என் வண்டி அச்சு முறிஞ்சுது! மட்ட இரும்புன்னு ஊரெல்லாம் என் மானத்தை வாங்கினியே! ஐயா, முதல்ல இவனைச் சுடுங்க!"

துப்பாக்கிக்கு நேரே நின்றுகொண்டு ஒருவன் பழைய வண்டி அச்சுக்காக இப்படிக் குதிப்பான் என்று எந்தச் சதிகாரனாலும் யோசித்து வைக்க முடியாது. அதிகாரிக்கு முதலில் மீசை துடித்தது, பிறகு சிரித்துவிட்டார். கையேட்டில் அந்த வரியை அடித்து, "படுமோசம்" என்று எழுதினார். சுவரோரம் நின்ற அனைவரையும் விட்டார்கள். பீரங்கிகள் பின்னால் இழுக்கப்பட்டுத் தெற்குச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போயின.

அதனால் போர் நின்றுவிடவில்லை. ஆற்றங்கரைக் கோட்டைகளில் இருந்த நம் சிப்பாய்களுக்கு ஒன்றரை நாள் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையேட்டை நம்பி, நான்கு வருஷமும் எங்கள் ஊர் வழியாக ஒரு பீரங்கிகூட வரவில்லை. ரமாக்கிளும் அவ்வளவு நாளும் மதகைத் தொடவில்லை. ஊரார் எதிரில் வந்தால் அவர் குனிந்துகொண்டு போவார். சண்டை ஓய்ந்த மறுநாள் தூசேன்தான் மண்வெட்டியோடு முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்கினார். அடைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார், ரமாக்கிளைப் பார்த்தார், தோண்ட ஆரம்பித்தார். அச்சைப் பற்றி அதற்குப் பிறகு பேசவேயில்லை.

1921 கோடையில் சாலை பழையபடி பளிச்சென்று ஆகியிருந்தது. சைக்கிளில் ஒரு வெளியூர் கனவான் வந்து இறங்கினார்.

"என்ன அருமையான சாலை! நீங்கள் போட்டதா? எவ்வளவு பாரம் தாங்கும்?"

ரமாக்கிளுக்குப் பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். வாசலில் லாம்பெர்த்தீன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இதுவா ஐயா? படுமோசமான சாலை. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போங்க, அதான் நல்லது."

கனவான் முகம் வாடி, தள்ளிக்கொண்டே போனார். அவர் திருப்பம் தாண்டும்வரை ரமாக்கிள் காத்திருந்தார். பிறகு குனிந்து, சைக்கிள் சக்கரம் ஒதுக்கிவிட்ட சல்லியை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினார்.