ஃபைனலும் நியூ ஃபைனலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் கம்பித் தொழிற்சாலையில் ஒருநாள் காலை ஷிப்டில் மிஷின் நின்றுவிட்டது. அதை ஓட்டும் புரோகிராம் ஃபைலைச் சற்றுமுன் ஏற்றியவர் அத்திப்பட்டிலிருந்து வரும் ஆபரேட்டர். அவர் போட்ட ஃபைலின் பெயர் ‘ஃபைனல்’. மேனேஜர் தன் லேப்டாப்பிலிருந்து ‘நியூ ஃபைனல்’ என்று ஒன்றை ஏற்றி, மிஷினை ஒருமுறை அணைத்துப் போட்டார். ஓடியது. மேனேஜருக்குச் சால்வை, ஆபரேட்டருக்கு சஸ்பென்ஷன். தவறான ஃபைலைப் போட்டுவிட்டாராம்.

அந்த மனிதர் ஒரு ஸ்க்ரூவைக்கூட இரண்டு தடவை பார்த்து முடுக்குகிறவர். இரண்டு ஃபைல்களுக்கும் ஹாஷ் எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒரு ஃபைலைக் கணக்குப் போட்டு, முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாகக் கொடுப்பதுதான் ஹாஷ். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அது மொத்தமாக மாறிவிடும். வெளியே பெயரில் எத்தனை ‘நியூ’ போட்டாலும் அசையாது.

இரண்டுக்கும் ஒரே ஹாஷ். அச்சு அசல் ஒரே ஃபைல்! மிஷின் ஓடியது அணைத்துப் போட்டதால்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எங்கள் வீட்டு டிவியை என் மனைவியும் தினம் அப்படித்தான் ஓட வைக்கிறாள். அவளுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

மேனேஜரிடம் காட்டினேன்.

“உன் சாப்ட்வேரு ராங்கா காட்டுதுய்யா. வேற ஒண்ணுல போட்டுப் பாரு.”

வேறொன்றில் போட்டேன். அதே ஹாஷ். அவர், ஆபரேட்டர் எழுதிக் கொடுத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தார்.

“தப்பான ஃபைலைப் போட்டேன்னு அவனே சைன் பண்ணிக் குடுத்துகிறான். அப்போ கம்பெனிக்குப் பொய் எழுதிக் குடுத்தானா? அதுக்குத் தனியா மன்னிப்பு எழுதச் சொல்லு. அப்புறம் உள்ள எடுத்துக்கலாம்.”

அடப்பாவி! தப்புப் பண்ணாததும் ஒரு தப்பாகிவிட்டது.

சாயங்காலம் அத்திப்பட்டு ஸ்டேஷன் டீக்கடையில் ஆபரேட்டரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். “ஏன்யா ஒத்துக்கிட்ட?”

“இன்னா சார் பண்றது? ஒத்துக்கினா சீக்கிரம் உள்ள எடுத்துக்குறேன்னாரு. பசங்களுக்கு ஸ்கூல் தொறக்குது. நீங்க வேற ஹாஷு கீஷுன்னு போயி பேஜாராக்கிட்டீங்க.”

பொய் எழுதியதற்கான இரண்டாவது மன்னிப்புக் கடிதத்தை நானே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“சார், நான் மெய்யாலுமே தப்புப் பண்லதான? எனக்கே இப்போ டவுட்டா கீது.”