தாத்தாவுக்குப் பெயர் அப்பா

தாராவியில் முகம்மது ஹனீப்பைத் தெரியாது என்று சொல்பவனுக்குக் காது மந்தமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பை தைக்கிற அவருடைய பட்டறை எங்கள் சந்தின் முனையில் இருக்கிறது. அவர் பேசுவது மறுமுனை வரை கேட்கும். மட்டமான ஜிப்பைத் தலையில் கட்டப் பார்க்கிற சேட்டு, வாசலை அடைத்து பைக் நிறுத்துகிற பையன், யாராக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அங்கே என் ஆட்டோவை நிறுத்தியதற்காக என்னோடும் சண்டை போட்டிருக்கிறார். அந்தச் சண்டையில்தான் நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம்.

இப்பேர்ப்பட்ட மனுஷரை நாலு வயதுப் பிள்ளை ஒன்று ஆட்டி வைத்தது. மகள் சைனபின் பெண், சஃப்ரீன். சைனபுக்கும் புருஷன் ராஹிலுக்கும் ஒத்துப்போகாமல் தலாக் ஆனபோது அவள் கைக்குழந்தை. கோர்ட் பிள்ளையைத் தாயிடம் கொடுத்தது. நர்ஸ் வேலைக்குப் போகிற தாய் தன் வாப்பாவிடம் கொடுத்தாள். பால் ஆற்றியது, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, தலை பின்னிவிட்டது எல்லாம் ஹனீப் பாய்தான். அவர் சம்சாரம் காலமாகிப் பல வருஷம். "ஜிப் தைக்கிற வெரலுக்கு ஜடை என்ன பெரிய காரியம்" என்பார். ஜடை கோணலாகத்தான் இருக்கும். யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது?

போன வருஷம் சைனபுக்கு சவுதியில், தம்மாமில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிள்ளையைக் கூட்டிப்போக விசா இல்லை. உடனே ராஹில் கோர்ட்டுக்குப் போனான். தாய் ஊரில் இல்லை, தகப்பன் நான் இருக்கிறேன் என்றான். நியாயமான பேச்சு, என்ன செய்ய? கெட்டவனும் இல்லை. முலுண்டில் ஃப்ளாட், லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய் வருகிறவன், வீட்டில் உருது பேசுகிறவர்கள். பிள்ளை முலுண்டுக்குப் போயிற்று. ஹனீப் பாய் வாயை மூடிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லாத அந்த வாரங்களில் சந்தே பயந்துபோனது.

பிறகு அவரே வக்கீல் பிடித்துப் பேத்தியைப் பார்க்க மனுப் போட்டார். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, செம்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறையில், குடும்ப ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் முன்னால் பார்க்கலாம் என்று தற்காலிகமாக உத்தரவு வந்தது. கவுன்சிலர் சொல்வதையும் தகப்பன் சொல்வதையும் கேட்டு, இதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று ஜட்ஜ் பின்னால் முடிவு செய்வார். கவுன்சிலர் பெயர் பத்மஜா, தமிழ் ஐயர்மார் நிறைந்த மாட்டுங்காக்காரர். தமிழ் தெரிந்த அம்மாவாயிற்றே என்று சந்தோஷப்பட்டோம். அதுவே வினையாகப் போயிற்று.

முதல் சனிக்கிழமை துணைக்கு நானும் போய் மூலையில் உட்கார்ந்திருந்தேன். சஃப்ரீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஹனீப் பாயின் மடியில் விழுந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த ராஹில் கதவருகே அப்படியே நின்றுவிட்டான். தமிழில் அப்பா என்றால் என்ன என்று பத்மஜாவிடம் இந்தியில் கேட்டான்.

"ஃபாதர்" என்றார் அவர். மாட்டுங்காவில் பிறந்தவர் வேறென்ன சொல்வார்?

நேரம் முடிந்ததும் ஹனீப் பாயைத் தனியாகக் கூப்பிட்டார். "கொழந்தைக்கு உங்களை அப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்திருக்கேளே, அது சரியில்லை சார். அவளோட அப்பா அங்க நின்னுண்டிருக்கார் பாருங்கோ."

"சொல்லிக் குடுக்கல்லாம் இல்ல மேடம். எங்க தூத்துக்குடிப் பக்கம் எங்காளுவ வீட்டுல தகப்பன வாப்பாம்பாங்க. தாத்தாவத்தான் அப்பாங்கது. எம் மவளுக்கு நான் வாப்பா, அவ பிள்ளைக்கி அப்பா."

பத்மஜா என்னைப் பார்த்தார். நான் திருநெல்வேலிக்காரன்; ஆமாம் என்று தலையாட்டினேன். சொன்னதும் புரிந்துகொண்டு ராஹிலுக்கும் எடுத்துச் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவன் இந்தியில் சொன்னதன் சாரம் இது: பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பில்டிங்கில் பாதிப் பேர் தமிழர்கள். உன் பிள்ளை அப்பா அப்பா என்று யாரைத் தேடி அழுகிறாள் என்று கேட்கிறார்கள். என்னை அவள் இதுவரை ஒன்றுமே கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அந்த வார்த்தை மாறாவிட்டால் இந்தச் சந்திப்பே வேண்டாம் என்று ஜட்ஜிடம் சொல்லிவிடுவேன்.

ஹனீப் பாய் வெடிக்கப் போகிறார் என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, "உங்க வீட்டுல தாயோட தகப்பன என்னன்னு கூப்புடுவீங்க?" என்று மட்டும் இந்தியில் கேட்டார். "நானா" என்றான் ராஹில்; உருதுவில் அப்படித்தான் சொல்வார்கள். "சரி, நானா" என்றார்.

திரும்பும்போது எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "என்ன பாய், இப்படி விட்டுக் குடுத்துட்டீயளே?"

"பேருதானே கணேசா. பிள்ளையப் பாக்காம இருக்க முடியாதுல்லா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "பெத்த பிள்ளை ஒரு வார்த்த கூப்புடலேன்னா அவனுக்கும்தான் எப்படி இருக்கும்" என்றார். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் மீட்டரைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அந்த வேலைதான் நடந்தது. பழக்கதோஷத்தில் அவள் "அப்பா" என்று வாய் திறப்பாள். "அப்பா இல்லம்மா, நானா" என்பார் இவர். மறுபடி "அப்பா" என்பாள். "அப்பா இல்ல." ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமையோடு திருத்தினார். முலுண்டிலும் பயிற்சி நடந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவள் வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டி நின்று, "நானா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். ஹனீப் பாய் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு சுதாரித்துப் பதில் சலாம் சொன்னார். அன்று அவள் மடியில் ஏறவில்லை. எதிரே உட்கார்ந்து, விருந்தாளியிடம் பேசுவதுபோல் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு படம் வரைந்தாள். நல்ல முன்னேற்றம் என்றார் பத்மஜா. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

நேரம் முடிந்தது. ராஹில் தரையில் குந்தி அவளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவனை இப்போது பப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

"பப்பா, அப்பா பீ தம்மாம் சலே கயே க்யா?"

அப்பாவும் தம்மாமுக்குப் போய்விட்டாரா என்று கேட்டாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். உம்மா எங்கே என்று தாயைத் தேடிய நாளில் எல்லாரும் "உம்மா இல்லம்மா" என்றுதானே அவளிடம் சொன்னோம்? அப்பா இல்லை என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னதையும் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். பத்மஜாவுக்கு அது புரிந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.  

ராஹில் ஹனீப் பாயை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த மாதம் ஜட்ஜ் கேட்டபோது தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவன் சொன்னதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அவன் செய்தது இவ்வளவுதான். மகளின் தோளைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினான்.

"நஹீ பேட்டா. யே ரஹே அப்பா" என்றான். இதோ இருக்கிறாரே அப்பா.

அவள் நம்பவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஹனீப் பாயிடம் வந்து, முகத்துக்கு நேராக நின்று, தமிழில் கேட்டாள்.

"நீ அப்பாவா?"

அவர் ராஹிலைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

"ஆமாம்மா. அப்பாதான். நான் எங்கயும் போவல."