அடைக்கார அம்மாவுக்குச் சொன்ன முடிவு

உத்திரமேரூரில் நான் வாத்தியாராக இருந்தபோது, எனக்கு அடை சுட்டுத் தந்த அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். புகையில் சிவந்த கண்கள் அவருக்கு. படிக்கத் தெரியாது. வாரந்தோறும் பத்திரிகைத் தொடர்கதையை நான் சொல்லக் கேட்பார். பம்பாய்க்குப் போன அவர் கணவரைப்போலவே கதாநாயகியின் கணவனும் காணாமல் போயிருந்தான்.

தொடர் முடிந்த வாரம், கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே அவரிடம் அடை சாப்பிடப் போயிருந்தேன். நல்ல பசி.

"அவ புருசன் வந்துட்டானா சார்?"

கதையைச் சீக்கிரம் முடித்தால் சாப்பிடலாம் என்று, "இல்லம்மா, செத்துட்டான்" என்றேன். கல்லில் அடை கருகியது.

வீட்டில் படித்துப் பார்த்தால், அவன் திரும்பி வந்திருந்தான். மறுநாளே பத்திரிகையோடு ஓடி, வரி விடாமல் படித்துக்காட்டினேன்; நேற்றுச் சொன்னது பொய் என்றேன்.

"எனக்கோசரம் மாத்திப் படிக்கிறீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று சிரித்து, இலையில் இன்னோர் அடை வைத்தார். அதன்பிறகு அவர் கதையும் கேட்கவில்லை, பம்பாயைப் பற்றியும் பேசவில்லை.