ஆஷாவின் கன்னத்துப் பொட்டு

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர் சத்யப்பிரியா. கெட்டிக்காரிதான். ஆனால் நல்லது செய்கிறேன் என்று இறங்கிவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது. முதலிபாளையம் பக்கம் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஆண்டு விழா என்றாலும் மிஷினை விட்டு எழுந்து வர முடியாது. அதனால் பிள்ளைகள் வகுப்பில் பேசுவதை, பாடுவதை செல்போனில் எடுத்து யூடியூபில் போடுவார். டீ டைமில் அம்மாக்கள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கலாமே என்று பக்கத்து வகுப்பு எடுக்கும் நான் சொன்னேன். எல்லாரும் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குத்தானே பேர் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கமிருந்து மகள் ஆஷாவோடு வந்தவள். ஓவர்லாக் டெய்லர். ஊர்க்கதை ஒரு வார்த்தை பேசமாட்டாள். மகளைச் சேர்க்கும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ள படத்த மட்டும் எதுலயும் போட்டுறாதீங்க டீச்சர்."

கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என சத்யப்பிரியா எடுத்துக்கொண்டார். இங்கே எந்த அம்மா அப்படிச் சொன்னாலும் அதுதான் அர்த்தம்.

தன்னைப் பற்றிப் பேசும் பாடம் வந்தது. வகுப்பே பேச, ஆஷா மட்டும் ஓரமாக நின்றாள். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்து எடுத்தார். பிள்ளை கைகட்டி நின்று தன் பெயர், அம்மா பெயர், அம்மாவின் வேலை எல்லாம் கணீரென்று சொன்னாள். யூடியூபில் போட்ட வீடியோவின் தலைப்பில் பள்ளியின் பெயரும் ஊரும் இருந்தன.

அடுத்த வாரம் மதியம் கேட்டருகே ஒருவன் வந்து நின்றான். பேர் ஜெயபாண்டி, ஆஷாவின் அப்பா என்றான். செல்போனை நீட்டினான். அதில் மைப்பொட்டோடு ஆஷா. நான் அவனை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டு ஒச்சாயிக்குப் போன் போட்டேன். பின்பக்க வழியாக ஓடி வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. அழவில்லை, திட்டவும் இல்லை.

"கண்ணுக்குப் பயந்து சொல்லல டீச்சர். இவ அப்பன் அடிக்குப் பயந்து சொன்னேன்."

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனவள்தான். குடியிருந்த வீட்டுக்கும் திரும்பவில்லை.

சத்யப்பிரியா அன்றே வீடியோவை அழித்தார். இப்போது எந்தப் பிள்ளையையும் எடுப்பதில்லை. பாடம் நடத்துகிறார், சாப்பிடுகிறார், வீட்டுக்குப் போகிறார். கேட்டால் ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். எனக்கும் அவர்மேல் கோபம் வரவேண்டும். வரமாட்டேன் என்கிறது. எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

ஜெயபாண்டி ஊருக்குப் போகவில்லை. அழிப்பதற்கு முன்பே வீடியோவைச் செல்போனில் இறக்கி வைத்திருக்கிறான். எதிர் பேக்கரியில் உட்கார்ந்து, டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டி விசாரிக்கிறான். விரட்டினால் போய்விட்டுத் திரும்ப வருகிறான். மூன்றாம் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான். வருகைப் பதிவுக்கு சத்யப்பிரியா ஆஷா பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிடும்போது, ரோட்டுக்கு அந்தப்புறமிருந்து அவள் குரல் கேட்கிறது.

"என் பெயர் ஆஷா. என் அம்மா பெயர் ஒச்சாயி."