வெறும் வலைக்கு விழுந்த பச்சை

நர்மதா ஜெயித்தவை: காலடிப்பேட்டைப் பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு. அப்பா பாஸ்கர் கடலோடு போன வருடமே பாலிடெக்னிக்கில் இடம். 'பொட்டப் புள்ளைக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?' என்ற பெரியப்பாவின் வாய். ஆங்கிலம் தடுக்கியும், எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நிரல் எழுதும் வேலை. அதே யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டும் அண்ணன் வெற்றி, டீக்கடையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இதை வரிசை மாறாமல் சொல்வான்.

எந்தச் சரக்குக்குப் பக்கத்தில் எது நிற்கக் கூடாது என்ற விதிகளை அவள் தர்க்க வகைக் கணினி மொழியில் எழுதியிருந்தாள். விதிகளைக் கொடுத்தால் போதும், பொருந்துகிற இடங்களையெல்லாம் அது தேடிக் கொண்டுவரும். அந்த விடைகளை வாங்கிச் சரிபார்த்து, வண்டியின் திரையில் பச்சையோ சிவப்போ காட்டுவது, சார்பு (functional) வகைக் கணினி மொழியில் அவளே எழுதிய இன்னொரு நிரல்.

அன்று காலை யார்டு பிதுங்கி வழிந்தது. வெற்றி அமிலப் பெட்டியைத் தூக்கி நின்றான். முன்னே ஒரு காலி இடம். திரையில் பச்சை.

"இன்னா மாமு, தங்கச்சி சிக்னல் வுட்டுச்சா?" கீழே நின்று வண்டிகளுக்குக் கை காட்டும் ரஷீது கேட்டான்.

"அது போட்ட பச்சைடா. கண்ண மூடிகினு எறக்கலாம்."

பெட்டி பாதி இறங்கியபோது வாக்கி-டாக்கியில் நர்மதா அலறினாள். "அண்ணே, எறக்காதே! பக்கத்துல சயனைடு கீது, அமிலம் பட்டா விஷவாயு!"

வெற்றி பெட்டியை அந்தரத்திலேயே நிறுத்தினான். திரை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"நர்மு, இது நீ போட்டதுதானே?"

"நான் போட்டதுதாண்ணே தப்பு."

பெட்டியை வெட்டவெளியில் இறக்கிவிட்டு அவன் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினான். தங்கை தன் திரையைக் காட்டினாள்.

"எங்கியும் பொருந்துற எடமில்லண்ணே. தேடப் போனது ஒரு விடையும் இல்லாம வெறும் கையா வந்துச்சு. 'வந்ததுல ஆபத்தானது எதுனா கீதா'ன்னு அடுத்த நிரல் கேட்டுச்சு. வலையில அழுகின மீனு கீதான்னு கேட்டா, வெறும் வலைக்கும் இல்லன்னுதானே வரும்? உடனே பச்சயப் போட்டு, பக்கத்துக் காலி எடத்தக் காட்டிடுச்சு. விடை காலின்னு இப்பதான் பாத்தேன். இன்னும் ஆறு வண்டி அந்தப் பச்சய நம்பி ஓடுது."

மேற்பார்வையாளர் அருள்பிரகாசம் குறுக்கே வந்தார். "ஒண்ணும் ஆவலியேம்மா. கப்பல் காத்துகினு கீது, மத்தியானம் பாத்துக்கலாம். நிறுத்தணும்னா காரணம் எழுதிக் கையெழுத்து போடணும். உன் தப்புன்னு எழுதினா உனக்கு வேலை நிலைக்குமா?"

 கையெழுத்து வேண்டாம் என்று சொல்ல வெற்றிக்கு வாய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ரஷீது அடுத்த வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"போடு நர்மு," என்றான்.

அவள் எழுதிய எதிலும் அதுவரை மேலாளரின் கையெழுத்துதான் இருக்கும். 'பிழை என்னுடையது. யார்டை நிறுத்தச் சொல்கிறேன்' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தை இட்டாள். பா. நர்மதா. 9-11-2023.